மூத்தவர்களின் வீடும் சொத்து வரியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் என்னை அழைத்தபோது, "அமெரிக்காவில் செமிகண்டக்டர் தொழில் எப்படி இருக்கிறது என்று ஒரு அரை மணி நேரம் பேசுப்பா" என்றுதான் சொன்னார். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே நாலு பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வேறு ஒன்று பேசுகிறேனே என்றேன். என்ன என்று கேட்டார். வீட்டு வரி என்றேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. (சிரிப்பு)

டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்கு வடக்கே ஒரு சிற்றூரில் நான் குடியிருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள், "உங்க ஸ்டேட்டில் வருமான வரியே கிடையாதாமே, கொடுத்து வைத்தவன்" என்பார்கள். மாநில வருமான வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும், சாலை போட வேண்டும், தீயணைப்பு வண்டி வர வேண்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கு வீட்டின் மேல் விழுகிறது. பள்ளி மாவட்டம், கவுன்டி, நகராட்சி, சில இடங்களில் சமுதாயக் கல்லூரி, மருத்துவமனை மாவட்டம் என்று ஆளாளுக்கு ஒரு வரி. எல்லாம் சேர்ந்தால் பல ஊர்களில் வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தொட்டுவிடும். 4 லட்சம் டாலர் வீடு என்றால், விலக்கு எதுவும் இல்லாவிட்டால் 8,000 டாலர். வீடு நம்முடையது, கடனும் கட்டி முடித்தாயிற்று, ஆனாலும் மாதம் 660 டாலர் வாடகை கொடுப்பது மாதிரி.

நம் ஊர்க் கணக்கு வேறு. சென்னையில் தெருவுக்கு ஒரு அடிப்படை விகிதம், கட்டடத்துக்கு இத்தனை சதுர அடி என்று போகும். வீட்டின் சந்தை விலை போன வருஷம் ஏறியது என்பதற்காக இந்த வருஷம் வரி ஏறாது. 1998-க்குப் பிறகு சென்னையில் நிலைத்து நின்ற பெரிய திருத்தம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதுதான். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 50 சதவீத உயர்வு, 1,800 சதுர அடியைத் தாண்டினால் 150 சதவீதம் என்று அளவுக்கேற்ப ஏற்றினார்கள். அப்போது இங்கே எழுந்த சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். டெக்சாஸில் அந்த மாதிரி ஒரு கடிதம் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் வாக்கில் தபாலில் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வரி எப்படிப் பிரிகிறது என்பதற்கு நம் ஹாஸ்டலைவிட நல்ல உதாரணம் கிடையாது. மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் ஞாபகம் இருக்கிறதா? மாதச் செலவு மொத்தம் இவ்வளவு, தலைக்கு இவ்வளவு. எவனாவது ரிடக்‌ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் மற்றவன் பில் ஏறும். சொத்து வரியும் அப்படித்தான். தலைக்குப் பதிலாக வீட்டு மதிப்பு. ஒருவருக்குச் சலுகை கொடுத்தால், அந்தத் தொகையை அரசு வேறு எங்கிருந்தாவது கொண்டுவந்து கொட்ட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் பில்லில் ஏறும். இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த மெஸ் பில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

சரி, வயதானவர்களுக்கு மட்டும் ஏன் தனிப் பேச்சு? வேலையில் இருப்பவனுக்கு வீட்டு மதிப்பும் சம்பளமும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறுகின்றன. எங்கள் பகுதியில் வீட்டு விலை ஏறியதற்குக் காரணமே எங்களைப் போல கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்து இறங்கியவர்கள்தான். ஆனால் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே வீடு வாங்கி ஓய்வு பெற்றவருக்கு ஏறியது வீட்டின் மதிப்பு மட்டும். பென்ஷன் அப்படியே நிற்கிறது. மதிப்பு ஏறியதே, லாபம்தானே என்று கேட்கலாம். சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய் மளிகைக் கடையில் கொடுக்க முடியாது. விற்றால்தான் அது பணம், விற்றால் வீடு இல்லை.

இதில் கவனிக்காமல் விடப்படுகிற ஒன்று உண்டு. கடன் வைத்து வீடு வாங்கிய இளைஞன் வரியைத் தனியாகக் கட்டுவதில்லை. வங்கி மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், வலி தெரியாது. கடனை அடைத்துவிட்ட பெரியவருக்கு அக்டோபர், நவம்பரில் முழு பில்லும் கையில் வரும், ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டும். பிப்ரவரி பிறந்தால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம், ஜூலையில் அது 18 சதவீதம், அதற்கு மேல் வசூல் செய்யும் வக்கீலுக்கு 20 சதவீதம் வரை.

இதற்கு என்ன மருந்து என்று அமெரிக்க மாநிலங்கள் அறுபது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கின்றன. முதல் மருந்தின் பெயரைக் கேட்டால் நம் மின்னியல் துறைக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள். 1964-இல் விஸ்கான்சின் மாநிலம் கொண்டுவந்தது. அந்த வகைத் திட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே சர்க்யூட் பிரேக்கர். வயரில் தாங்கும் அளவுக்கு மேல் லோடு ஏறினால் டிரிப் ஆகிறதல்லவா, அதே மாதிரி ஒருவருடைய வருமானத்தோடு ஒப்பிட்டால் சொத்து வரி அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றால், மிஞ்சியதில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தந்துவிடும். வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. ஏனென்றால் வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகைக்குள் ஒளிந்துதான் இருக்கிறது. 1973-இல் மிச்சிகனும் இதைப் பிடித்துக்கொண்டது. நம் லேபில் ஃப்யூஸ் போனால் வயரைக் கட்டி ஓட்டுகிற ஆசாமிகளும் இருந்தார்கள். யாரென்று பெயர் சொல்ல மாட்டேன், சங்கத்துக்கு அதிக நன்கொடை கொடுத்தவர்களில் ஒருவர். (சிரிப்பு)

கலிபோர்னியா போன வழி வேறு. 1970-களில் அங்கே வீட்டு விலை தாறுமாறாக ஏற, வரியும் கூடவே ஏறியது. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விடுகிறார்கள் என்ற கோபத்தை ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் என்ற இரண்டு பேர் ஓர் இயக்கமாக்கினார்கள். 1978 ஜூன் 6-ஆம் தேதி மக்கள் வாக்கெடுப்பில் 13-ஆம் எண் தீர்மானம் வென்றது. வரி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பு 1975-ஆம் ஆண்டு நிலைக்கு இறங்கும். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கை மாறினால் மட்டும் புதிய சந்தை விலை. வயது வரம்பு எதுவும் இல்லை. பாட்டிக்காகப் போட்ட பந்தலில் பெரிய பெரிய கம்பெனிகளும் வந்து உட்கார்ந்துகொண்டன என்றுதான் நான் சொல்வேன்.

அதன் விளைவு, ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு, வரி மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசம். லாஸ் ஏஞ்சலிஸில் 1988-இல் வீடு வாங்கிய ஒரு பெண்மணி இது என்ன நியாயம் என்று வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1992-இல் எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்று அவர் தோற்றார். இதில் பெரியவர்களுக்கே ஒரு சிக்கல் முளைத்தது. பெரிய வீட்டை விட்டு மாடிப்படி இல்லாத சின்ன வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், புது வீட்டுக்குப் புது மதிப்பு, வரி எகிறும். அதனால் முழங்கால் வலியோடு பழைய வீட்டிலேயே கிடந்தார்கள். 55 வயதைத் தாண்டியவர்கள் பழைய மதிப்பைக் கூடவே எடுத்துச் செல்லலாம் என்று 1986-இல் ஒரு திருத்தம், 1988-இல் இன்னொன்று, கடைசியாக 2020-இல் 19-ஆம் எண் தீர்மானம். 2021 ஏப்ரலிலிருந்து மாநிலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும், மூன்று முறை வரை எடுத்துச் செல்லலாம்.

டெக்சாஸும் அதே 1978-இல்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அங்கே பார்த்தது வயதை. 65 வயதானவரின் சொந்தக் குடியிருப்புக்குப் பள்ளி வரி அந்த ஆண்டுத் தொகையிலேயே உறைந்துவிடும். மதிப்பு ஏறலாம், விகிதம் ஏறலாம், அவர் கட்டும் டாலர் ஏறாது. பெரிதாகக் கட்டடம் சேர்த்துக் கட்டினால் மட்டும் கூடும். கவுன்டி, நகராட்சிகளும் விரும்பினால் உறைய வைக்கலாம் என்று 2003-இல் வழி செய்தார்கள். 2025 நவம்பர் வாக்கெடுப்பில், சொந்தமாகக் குடியிருப்போர் எல்லோருக்கும் பள்ளி வரியில் 1,40,000 டாலர் கழிவு, 65 தாண்டியவர்களுக்கு மேலும் 60,000 டாலர் என்று ஆக்கினார்கள். கணக்குக்கு வசதியாகப் பள்ளி வரி 100 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு என்னைப் போன்றவன் 2,100 டாலர் கட்டினால், பக்கத்தில் அதே மாதிரி வீட்டில் புதிதாக 65 ஆனவர் 1,500 டாலர் கட்டுவார், அதிலேயே உறைந்தும் போவார். 2 லட்சத்துக்குள் உள்ள வீடு என்றால் பள்ளி வரியே இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது வீடு வந்து சேர வேண்டுமே. எங்கள் தெரு மூலை வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறவர். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் 2023-இல் காலமானார். சலுகை எல்லாம் கணவர் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் போனதும் சலுகையும் போனது. அந்த அம்மாளுக்கு அது தெரியாது. முப்பது வருஷமாக வரிக் காகிதத்தைக் கையால் தொட்டது அவர் கணவர்தான். 2024 கடைசியில் வந்த பில் ஏறக்குறைய மூன்று மடங்கு. "இப்போது எல்லோருக்கும் ஏறியிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், வீட்டை விற்க முடிவு செய்துவிட்டார். வீட்டை ரொக்கத்துக்கு உடனே வாங்கிக்கொள்கிறோம் என்று வாரம் ஒரு கார்டு தபாலில் வந்துகொண்டே இருக்கும். எப்படித்தான் மோப்பம் பிடிப்பார்களோ. அதில் ஒன்றை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

என் மனைவிதான் முதலில் அதைப் பார்த்தது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கப் போனவள், திரும்பி வந்து, "அவங்க வீட்டை விக்கப் போறாங்களாம், நீ கொஞ்சம் வந்து அந்தப் பில்லைப் பாரேன்" என்றாள். போய்ப் பார்த்தால், விலக்குகள் என்ற கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அவருக்கே வயது 65-ஐத் தாண்டி எத்தனையோ வருஷம். அதுவும் போக, இறந்தவரின் துணைக்கு 55 வயது ஆகியிருந்தால் உறைந்த தொகை அவருக்கே தொடரும் என்பது சட்டம். ஆனால் விண்ணப்பம் போட வேண்டும். வயது பற்றிய பதிவு கையில் இருந்தால் அலுவலகமே தானாகச் சேர்ப்பதும் உண்டு. இவர் விஷயத்தில் அப்படி அமையவில்லை. தாமதமாகப் போட்டாலும், கட்ட வேண்டிய கெடு முடிந்ததிலிருந்து இரண்டு வருஷம் வரை ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும், இருந்தது. கணவரின் இறப்புச் சான்றிதழை எடுத்து வரச் சொன்னேன். அதைத் தேட உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். நானும் மனைவியும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அலுவலகத்துக்கு நேரிலேயே கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பார்த்து இருபது நிமிஷத்தில் வாங்கிக்கொண்டார். சில வாரத்தில் திருத்திய பில் வந்தது, பழைய தொகை. ஃப்ரிட்ஜில் இருந்த கார்டு குப்பைக்குப் போனது.

அந்தத் தொகையே அவருக்குக் கஷ்டம்தான். அப்போது நான் இன்னொரு வழி சொன்னேன். டெக்சாஸில் 65 தாண்டியவர் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், அந்த வீட்டில் அவர் இருக்கும்வரை வரியைக் கட்டாமலேயே ஒத்திப்போடலாம். அபராதம் இல்லை, ஏலம் இல்லை. ஆண்டுக்கு 5 சதவீத வட்டி. 2017-க்கு முன் 8 சதவீதமாக இருந்தது. அவர் காலத்துக்குப் பின் அல்லது வீட்டை விட்ட பின் 180 நாள் அவகாசம். ஆண்டுக்கு 3,000 டாலர் வீதம் பத்து வருஷம் ஒத்திப்போட்டால், தனி வட்டியாகக் கணக்குப் போட்டு, மொத்தம் சுமார் 36,750 டாலர். 4 லட்சம் டாலர் வீட்டில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேப்பரில் எழுதியே காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரர் கடைசித் தவணை கட்டிய அன்று இந்த மேஜையில் கேக் வெட்டினோம். கடனை வைத்துவிட்டு நான் போக மாட்டேன்" என்றார். அதற்கு மேல் என் கணக்கு செல்லுபடியாகவில்லை. நாலு தவணையாக, அபராதம் இல்லாமல் கட்டும் வசதி 65 தாண்டியவர்களுக்கு உண்டு. ஜனவரி, மார்ச், மே, ஜூலை முடிவதற்குள் ஒவ்வொன்று. அதை ஏற்றுக்கொண்டார்.

இப்போது உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி ஓடும். மெஸ் பில் என்ன ஆச்சு? நியாயமான கேள்வி. அந்த அம்மாளின் வரி உறைந்திருப்பதால் கவுன்டி, நகராட்சி பில்லில் என் பங்கு கூடத்தான் செய்கிறது. பள்ளி வரிக் கழிவில் இழப்பதை மாநில அரசு பள்ளிகளுக்கு ஈடு செய்கிறது, ஆனால் அந்தப் பணம் விற்பனை வரி முதலியவற்றிலிருந்து வருகிறது. அதை வாடகை வீட்டில் இருக்கும் எழுபது வயதுக்காரரும் சட்டை வாங்கும்போது கட்டுகிறார். அவருக்கு டெக்சாஸில் ஒரு சலுகையும் இல்லை. ஏரிக்கரையில் பல மில்லியன் டாலர் மாளிகையில் இருக்கும் 66 வயதுக்காரருக்கோ, மூலை வீட்டு அம்மாளுக்குக் கிடைக்கும் அதே உறைநிலை கிடைக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னைக் கேட்டால் விஸ்கான்சின் பிரேக்கர்தான் நல்ல டிசைன். லோடு எங்கே ஏறுகிறதோ அங்கே மட்டும் வேலை செய்கிறது. ஆனால் டெக்சாஸில் அதைப் பொருத்துவது சுலபமல்ல. மாநில வருமான வரி இல்லாததால், யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பார்க்கும் மாநில அலுவலகமே இல்லை. மீட்டர் இல்லாமல் பிரேக்கரை எப்படி மாட்டுவது? வருமானச் சான்று கேட்டாலும் அந்த அம்மாளைப் போன்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஒரே ஒரு படிவத்துக்கே அவர் வீட்டை விற்கும் நிலைக்கு வந்துவிட்டார். உறைநிலையின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. ஒத்திவைப்பு, என் போன்றவன் பையில் கை வைக்காத திட்டம். தாமதமானாலும் வட்டியோடு வந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் 62 வயதானவர்களுக்கு அப்படி ஒரு திட்டம் இருந்தது, 2009-இல் பணமில்லை என்று நிறுத்தி, 2016-இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நெருக்கடி வந்த நேரத்தில் மழையில் குடையைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

மதிப்பீடு பற்றியும் ஒரு வார்த்தை. டெக்சாஸில் வீடு விற்ற விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கிடையாது. விற்ற விலை தெரியாமல் சந்தை மதிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள்! அளவுகோலை ஒளித்து வைத்துவிட்டு அளக்கச் சொன்னால் நம் பேராசிரியர்கள் லேப் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவார்களா? அதனால்தான் ஆட்சேபணை செய்யும் உரிமை முக்கியம். மே 15, அல்லது கடிதம் அனுப்பியதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதற்குள் எழுதிப் போட வேண்டும். என் வயதுக்காரர்கள் லேப்டாப்பில் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே பெற்றோரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. சென்னையில் அரையாண்டுத் தொடக்கத்திலேயே கட்டினால் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை, வயதைப் பார்த்துத் தருவதல்ல, யாருக்கும் உண்டு. டெல்லியில் அப்பா அம்மா இருந்தால், மூத்த குடிமக்களுக்கு மாநகராட்சி 30 சதவீதத் தள்ளுபடி தருகிறது. தாங்களே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை. வீடு யார் பெயரில் இருக்கிறது, சலுகை யார் பெயரில் இருக்கிறது என்பதை அவர்கள் இருவரும் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

டெக்சாஸில் இருக்கும் நம் ஆட்கள் இங்கே பதினைந்து பேராவது இருக்கிறீர்கள். விலக்குக்கான படிவத்தின் எண் 50-114. ஒத்திவைப்புக்கு 50-126, வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அதைப் போடும் முன் வங்கியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவிலும் ஒரு மூலை வீடு இருக்கும். வெளியே மேஜையில் இரண்டு படிவத்திலும் இருபது நகல் வைத்திருக்கிறேன், காபி குடிக்கப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.